வட்டத்துக்குள் இரண்டு சுற்று

குப்பண்ணனுக்குத் தன் வயது தெரியாது. பண்ணைக்காரர் சென்னிமலையின் தோட்டத்துப் பெரிய கிணறு வெட்டிய வருசம் தனக்கு மீசை அரும்பியது என்று மட்டும் சொல்வார். அந்தக் கிணற்றுமேட்டில்தான் அவர் குடிசை. பகலில் சென்னிமலையின் வயலுக்குத் தண்ணீர் கட்டுவார். மாரியம்மன் திருவிழாவான நோம்பி வந்தால் தப்பட்டை அடிப்பார். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. ஊரில் இருந்தவரை நான் அவரிடம் 'நீ' என்றுதான் பேசினேன். என்னைவிட முப்பது வயதாவது மூத்தவர்.

அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருப்பவருக்குக் குடிசையடியில் பத்து சென்ட் பட்டயம், அதாவது பட்டா, என்று அப்போது எங்கள் ஊர் சேர்ந்த கேரளத்தில் சட்டம் வந்திருந்தது. குப்பண்ணனும் எழுதிப் போட்டிருந்தார். சென்னிமலை எதிர்க்கவில்லை. "நோம்பி முடியட்டும், நானே ஆபீசுக்கு வந்து சொல்லிப்போடறேன்" என்றிருந்தார். குப்பண்ணனின் மனைவி பூவாத்தாள் அந்தப் பத்து சென்டில் முருங்கைக் குச்சிகூட நட்டுவிட்டாள்.

அந்த வருசம், 1974 பங்குனியில், நோம்பிக்கு ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்தேன். நான் குமாஸ்தாவாக இருந்த கஞ்சிக்கோடு ஆலையில் மெஷின் பொருத்துவதற்காகப் பல்கேரியாவிலிருந்து வந்தவர். பெயர் பெத்கோவ். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். என் இங்கிலீஷை ஊர் கேட்கட்டும் என்ற ஆசையும் இருந்திருக்கும்.

பெத்கோவ் இரண்டு சொம்பு கம்பங்கூழ் குடித்தார். மாவிளக்கு மாவை விரலால் வழித்துத் தின்றார். சென்னிமலை கயிற்றுக் கட்டிலில் அவரைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

"தொரைக்கு நம்ம கூழு புடிச்சுதாமா?"

"தொரையில்லீங்க. மெஷின் மாட்டறவருங்க."

"அப்புடியா? அப்ப நம்ம பம்புசெட்டையும் ஒருக்காப் பாக்கச் சொல்லு. மூணு நாளாத் தண்ணியத் துப்புது."

எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று தெரியாமலே பெத்கோவும் சிரித்தார்.

பொழுது சாய்கையில் கம்பத்தாட்டம் தொடங்கியது. கோயில் முன்னால் மூன்று கிளை விட்ட வேப்பந்தண்டு நட்டு, மேலே தீச்சட்டி வைத்திருப்பார்கள். அதுதான் கம்பம். சுற்றிலும் சுண்ணாம்பில் ஒரு வட்டம். ஆண்கள் அதற்குள் ஆடுவார்கள். தப்பட்டைக்காரர்கள் கோட்டுக்கு வெளியே, வைக்கோல் தீயின் அருகில் நிற்பார்கள். அவர்கள் சாதி அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

பெத்கோவ் ஓடிப்போய் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். தப்பும் தவறுமாக ஆடினாலும் யாரும் குறை சொல்லவில்லை. வேர்த்து ஒழுக என்னிடம் வந்து, குப்பண்ணனைக் காட்டிக் கேட்டார்: "எங்கள் கிராமத்திலும் வட்டமாகத்தான் ஆடுவோம். ஆனால் தம்பட்டக்காரன் வட்டத்துக்கு நடுவில் நிற்பான். இவர் ஏன் வெளியே நிற்கிறார்?"

பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிலுக்கு வேண்டிய இங்கிலீஷும் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. "தோல் இளகினால் தீயில் காய்ச்ச வேண்டும். அதற்காகத்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அடுத்த தடவை குப்பண்ணன் தப்பட்டையைத் தீயில் காட்டிக் காய்ச்சி முடிக்கும்வரை காத்திருந்தார். காய்ந்த தோலை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு குப்பண்ணனின் தோளைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துப் போனார்.

நான் இடத்தைவிட்டு அசையவில்லை. குப்பண்ணன் இரண்டு சுற்று வந்தார். அடியை நிறுத்தவில்லை. மூன்றாவது சுற்றில் வட்டத்துக்குள் வேறு யாரும் இல்லை. எல்லோரும் ஒதுங்கி நின்றிருந்தார்கள். பெத்கோவ் அதை மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும். கைதட்டினார், இருவரையும் போட்டோ எடுக்கச் சொல்லிக் கேமராவை என்னிடம் கொடுத்தார். எடுத்தேன்.

பெத்கோவின் ஜீப் போகும்வரை சென்னிமலை சிரித்தபடிதான் இருந்தார். போனதும் கம்பத்துக்கு மஞ்சள் நீர் ஊற்றிக் கழுவினார்கள். "அவனை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப்படாது. தொரை இழுத்தாரு, அவன் என்ன பண்ணுவான்" என்றார் சென்னிமலை.

பட்டய விசாரணை வைகாசியில் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு குப்பண்ணன் ஆலை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க சின்னவரே, தோட்டத்துப் பெரியவர் மாத்திச் சொல்றாருங்க. நோம்பிக்கு அடிக்க வந்து போறவனாம், குடியிருந்ததே இல்லையாம். ரண்டு பேர் சாச்சி வேணுங்களாம். கடைக்கார பாவா வரேன்னுட்டாரு. நீங்க ஒருத்தர் வந்தாப் போதுமுங்க."

சென்னிமலையின் கிணற்றுத் தண்ணீரில்தான் எங்கள் மூன்று ஏக்கரும் விளைந்தது. "லீவு கிடைக்காது குப்பா" என்றேன். நான் லீவு கேட்கவே இல்லை.

பாவா மட்டும் போய்ச் சொன்னார். ஊரில் நாலு பேர் சென்னிமலை பக்கம் சொன்னார்கள். குடிசையைப் பிரித்தார்கள். பூவாத்தாளின் அண்ணன் சுடலை ஏலப்பாறையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தான். இருவரும் அங்கே போனார்கள். முதல் மழைக்காலத்திலேயே பூவாத்தாள் காய்ச்சலில் இறந்தாள்.

பெத்கோவ் ஊருக்குத் திரும்பிப் போட்டோவை அனுப்பிவைத்தார். இந்தியாவில் தனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான் என்றும், தம்பட்டக்காரரிடம் போட்டோவைச் சேர்க்கும்படியும் எழுதியிருந்தார். எட்டு மாதம் அது என் பெட்டியில் கிடந்தது. அப்புறம்தான் ஏலப்பாறைக்குப் பஸ் ஏறினேன்.

தோட்டக்காரர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் குப்பண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"நான் சிரிச்சிருக்கேனுங்களே."

"ஏன், கையை உதறிட்டு வந்திருக்கலாமே?"

"ஒதறோணும்னுதானுங்க நெனச்சேன். நெனைக்கறதுக்குள்ள ரண்டு சுத்து வந்துட்டனுங்க." பிறகு கேட்டார்: "அன்னிக்கு என்னைக் காட்டி உங்ககிட்ட என்னமோ கேட்டாரே, என்னங்க அது?"

"நீங்க ஏன் வெளியே நிக்கறீங்கன்னு."

'நீங்க' என்று வந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"என்னன்னு சொன்னீங்க?"

"தோல் காய்ச்சறதுக்குன்னு சொன்னேன்."

"காய்ச்சிட்டு உள்ள வரலாம்னு அவரு நெனச்சுட்டாரு" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

வேலைக்குச் சங்கு ஊதியது. போட்டோவை என்னிடமே நீட்டினார்.

"இங்க சுவரெல்லாம் ஈரமுங்க, கெட்டுப் போயிரும். நீங்களே வச்சுக்குங்க."

தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.