உதவியாக வந்த சலவை இயந்திரம்

என் சித்தியை மருத்துவமனையில் எல்லோரும் சோடாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைச் சோடாவில் ஊறிய கைகள் ஒரு காரணம். மூடியைத் தட்டினால் சீறும் குணம் இன்னொன்று. சித்தப்பா இறந்த வருடம் சலவை அறையில் சேர்ந்தவர், பிரசவ வார்டின் ரத்தக்கறை விரிப்புகளைக் கையால் அலசியே தன் பிள்ளைகளோடு என்னையும் வளர்த்தார்.

பணக்கார நாட்டு அரசு ஒன்று உதவித் திட்டத்தில் பெரிய சலவை இயந்திரம் கொடுத்தது. சித்தி அதைத் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அப்படி முகம் துடைத்துவிட்டதில்லை.

இரண்டாம் வருடம் இயந்திரக் கதவின் ரப்பர் வளையம் கிழிந்து தண்ணீர் கொட்டியது. உதிரி பாகங்களை அந்த நாட்டு நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த விலைக்கு மருத்துவமனையில் வழியில்லை. சித்தி மறுபடி சலவைத் தொட்டிக்குத் திரும்பினார். பிளீச்சிங் தண்ணீரில் விரல் இடுக்குகள் வெடித்தன. ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூட என்னைக் கூப்பிட்டார். "இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனா இந்தக் கை எதுக்கும் ஆகாதுடி" என்றார்.

இயந்திரம் கொடுத்த அரசின் அதிகாரி பார்வையிட வந்தார். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கிய என்னை மொழிபெயர்க்க அழைத்தார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் சித்தியை இயந்திரத்தின் அருகே நிறுத்தினார்.

"சும்மா சிரிம்மா. போட்டோவுக்குத்தான்."

"ஓடாத மிஷினுக்கு என்ன சார் சிரிப்பு?" என்ற சித்தி என் பக்கம் திரும்பினார். "அந்த ரப்பர் வளையம் ஒண்ணு அனுப்பச் சொல்லுடி. வேற எதுவும் வேணாம்."

கேட்டேன். அதிகாரி உண்மையாகவே வருந்தினார். பழுதுபார்ப்பது இந்த நாட்டு அரசின் பொறுப்பாம், தங்கள் திட்டத்தில் அதற்கு இடமில்லையாம். விண்ணப்பித்தால் புது இயந்திரமே தருவார்களாம்.

"செருப்பு வார் அறுந்தா புதுக் கால் வாங்கித் தருவாங்களா?" என்றார் சித்தி.

கண்காணிப்பாளர் பல்லைக் கடித்தார். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதம்மா."

"மாடு செத்துக் கிடக்கு சார். பல்லை எங்க பார்க்கறது?"

"இதையெல்லாம் சொல்லிடாதே" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, அவர் அதிகாரியை மற்ற வார்டுகளுக்கு அழைத்துப் போனார். நானும் வாயை மூடிக்கொண்டு பின்னால் போனேன். என் ஆங்கிலம் யாருக்கு வேலை செய்கிறது?

சுற்றி முடித்து முன்வாசலுக்கு வந்தோம். படிகளின் நடுவே தொட்டியைப் போட்டு, காலைப் பிரசவத்தின் விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தார் சித்தி. சிவந்த தண்ணீர் படிப்படியாக இறங்கிக் காரின் சக்கரத்தைத் தொட்டது.

"என்னம்மா இந்த அசிங்கம்?" என்றார் கண்காணிப்பாளர்.

"உள்ளே துவைச்சா யார் கண்ணுக்குத் தெரியுது? வளையம் வர்ற வரைக்கும் இனி இங்கேதான். பெரிய மனுஷங்க தாண்டிப் போகட்டும்."

சித்தி என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். கண்காணிப்பாளர் முறைத்தார். வருந்துகிறார், வேண்டுகிறார் என்று நான் படித்த இதமான சொற்களெல்லாம் வாய்வரை வந்தன. வெடித்த விரல்களைப் பார்த்தேன். மாடு, கால், அசிங்கம் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அதிகாரியின் முகம் சிவந்தது. விதி அப்படி என்றார்.

"யார் போட்ட விதின்னு கேளு."

கேட்டேன். காரைப் பின்வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, கண்காணிப்பாளர் அவரை அவசரமாக உள்ளே கூட்டிப்போனார்.

"பின்வாசலுக்கா?" சித்தி சேலையை இழுத்துச் செருகினார். "தூக்குடி தொட்டியை."

நான் மறுபக்கத்தைப் பிடித்தேன்.