வெள்ளைப் பொமரேனியனும் புரட்டாசி ஈரலும்

எங்கள் வீட்டுப் பொமரேனியனைத் தூக்கிப் பார்த்தால் ஒரு பூசணிக்காய் கனம்கூட இருக்காது. அதிலும் பாதி முடி. ஆனால் அது சாப்பிடாமல் இருந்த நாட்களில் எனக்குக் குறைந்த எடை அதன் மொத்த எடையைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எந்த வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்தாலும் நெல்வயல்தான். இந்த மண்ணில் வளர்ந்த ஓர் உயிர் சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இது திருப்பியது. அதுவும் என் மனைவி விமானம் ஏறிய மறுநாளே.

ஆவணி கடைசியில் அவள் கனடா போனாள், மகளின் முதல் பிரசவத்துக்கு. திரும்பி வர டிக்கெட் பொங்கலுக்குத்தான். திருச்சி விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு நாய்க்கு என்ன கொடுக்க வேண்டும் என்று ஒப்பித்தாள். மதியம் பருப்புச் சோறு, கொஞ்சம் நெய், உப்பில்லாமல், குழைய. எனக்கு என்ன என்று கேட்டேன். நீங்கள் என்ன குழந்தையா என்றாள். நான் ஏதோ ஜோக் அடித்தேன், அவளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கார் ஓட்டியவரிடம் கல்லணை வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

மறுநாள் பருப்புச் சோறு வைத்தேன். அது வந்தது, மோந்தது, மாமியார் வீட்டில் ஆறிப்போன காபி கொடுத்த புது மாப்பிள்ளை மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் வாசற்படியில் படுத்துக்கொண்டது. தெருவைப் பார்த்தபடி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எது நடந்தாலும் முதல் சந்தேகம் அரிசி மேல்தான். வயிறு வலித்தால் அரிசி, தூக்கம் வராவிட்டால் அரிசி. நானும் அப்படியே தீர்மானித்தேன். குறுவை அறுத்த புது அரிசி, பிசுபிசுத்துக் கிடக்கிறது, நாய்க்குப் பிடிக்கவில்லை. பங்காளி வீட்டில் போய்ப் பழைய பொன்னி வாங்கி வந்து வடித்தேன். தொடவில்லை. அடுத்து சீரகச் சம்பா. மகள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சீரகச் சம்பா கொதித்தது அன்றைக்குத்தான். வாசனையில் எனக்கே நாக்கு ஊறியது. நாய் கொட்டாவி விட்டது.

உயிராவது நிற்கட்டும் என்று நடுநடுவே பிஸ்கட் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டது. பயத்தில் இன்னும் கொடுத்தேன். கடைசியில் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சினைப் பசு, பின்னால் இரண்டு ஆடுகள். எல்லாரும் என் துண்டையே பார்த்தார்கள்.

டாக்டர் அதைத் தடவி, வாயைத் திறந்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். காலையிலிருந்து என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ரஸ்க், மேரி பிஸ்கட், பிறகு டீக்கடையில் அரை மெதுவடை, வழியில் ஒரு வாழைப்பழம்.

“சார், இதுக்கு மேல இது எங்க சார் சாப்புடும்?” என்றார். “உடம்புல ஒண்ணும் இல்ல. நொறுக்குத் தீனிய நிறுத்துங்க. நேரத்துக்குத் தட்ட வைங்க. கொஞ்ச நேரத்துல சாப்புடலன்னா எடுத்துருங்க. நீங்க தாங்குனா அதுவும் தாங்கும்.”

நான் தாங்குவேனா என்று அவர் என்னைச் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் எனக்குத்தான் ஊசி போட்டிருப்பார். ஆனாலும் பிஸ்கட்டை நிறுத்தினேன். தட்டை வைத்தேன், எடுத்தேன். காலையில் கொஞ்சம் பால் குடித்தது, அவ்வளவுதான். நாய்க்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது, முடியை விலக்கிப் பார்த்தால். நான் நாளெல்லாம் முடியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனடாவிலிருந்து வீடியோவில் அவள் கேட்கும்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறது என்றேன். பேத்தி பிறந்து மாதம்கூட ஆகவில்லை. அங்கே போய் நாய்க் கவலையை எப்படிச் சொல்வது?

கறிதான் வழி என்று முடிவு செய்தேன். ஆனால் பிறந்திருந்தது புரட்டாசி. எங்கள் வீட்டில் அந்த மாதம் முட்டைகூட வாசல் தாண்டாது. அவள் அந்த மாதத்தில் நாயையும் சேர்த்தே சைவமாக்கிவிடுவாள். இருந்தாலும் ஓர் உயிர்ப் பிரச்சினை. கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். கூத்தாநல்லூர்க்காரர், எனக்குப் பல வருடப் பழக்கம். புரட்டாசியில் கூட்டமில்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் ஈரல் வேண்டும், நாய்க்கு என்றேன்.

பாய் பேப்பரை மடித்தார். “புரட்டாசியில எல்லாரும் நாய்க்குன்னுதாண்ணே வாங்குறாங்க,” என்றார். “வறுக்க மொளகு இருக்குல்ல?”

சத்தியம் பண்ணிப் பார்த்தேன். அதற்கும் தலையாட்டிச் சிரித்தார்.

வீட்டு அடுப்பில் வேகவைக்க மனம் வரவில்லை. சாயங்காலம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் செங்கல் வைத்து, பழைய பாத்திரத்தில் வேகவைத்தேன். திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவன்கூட அவ்வளவு திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான். மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு அம்மாளின் தலை எழுந்தது. என் மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறவள்.

“என்னத்தான், அக்கா ஊர்ல இல்லன்னதும் புரட்டாசியும் ஊர்ல இல்லையா?”

நாய்க்கு என்றேன். ஆமாம் ஆமாம் என்றபடி தலை இறங்கியது.

ஈரலை ஆறவைத்து, நறுக்கி, தட்டில் வைத்து நீட்டினேன். மோந்தது. என்னைப் பார்த்தது. போய் வாசற்படியில் படுத்தது. அந்த ஈரலைத் தெருநாய்கள் தின்றபோது அதன் முகத்தில் துளி வருத்தம் இல்லை.

அதற்குள் செய்தி கனடா போய்விட்டது. போன் அடித்தது. எடுத்ததும் மாதத்தை மறந்துவிட்டீர்களா என்று ஆரம்பித்தாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி, டாக்டர், விலா எலும்பு எல்லாம். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

“ஏங்க இத மொதல்லயே சொல்லல? மாப்பிள்ளகிட்ட சொல்லி டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமான்னு பாக்கச் சொல்றேன். அது செத்துகித்துப் போச்சுன்னா என்னால தாங்க முடியாது.”

சேச்சே, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பச்சைக் குழந்தையோடு மகள் தனியாக என்ன செய்வாள்? நான் சொன்னது, “சரி, பாரு” மட்டும்தான். போனை வைத்துவிட்டு நாயைத் தூக்கிக் கொஞ்சினேன். பட்டினி கிடக்கிற ஒன்றைக் கொஞ்சுகிற லட்சணமா அது?

மறுநாள் காலையிலேயே வீட்டைத் துப்புரவு செய்ய ஆரம்பித்தேன். அவள் போனதிலிருந்து நான் அடுப்பு மேடைக்கு முன் நின்றபடியே சட்டியிலிருந்து அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டு எடுப்பானேன், கழுவுவானேன். அன்று மேடையைத் தேய்த்து, சமையலறைத் தரையைக் கழுவித் துடைத்து முடித்தபோது இடுப்பு விட்டுப்போனது. நிற்க முடியவில்லை. ஒரு தட்டில் சோறும் நேற்றைய ரசமும் போட்டுக்கொண்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அவள் உட்கார்ந்து சாப்பிடும் இடம் அதுதான். கடமைக்காக நாயின் தட்டையும் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டாவது கவளம் வாய்க்குப் போகும்போது முழங்காலில் ஏதோ உரசியது. அது வந்து என் தொடையை ஒட்டி உட்கார்ந்தது. நான் மென்றேன். அது குனிந்து தன் தட்டில் வாய் வைத்தது. என்ன செய்கிறது என்று பார்க்க, நான் மெல்வதை நிறுத்தினேன். அதுவும் நிறுத்தியது. நான் இன்னொரு கவளம் எடுத்தேன். அதுவும் எடுத்தது. இப்படியே இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம். புது அரிசிதான். நக்கிய நக்கலில் தட்டு தரையோடு நகர்ந்து சுவர் வரை போனது.

இத்தனை வருடமாக மதியம் அவளும் நாயும் இப்படி உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் அந்த நேரத்தில் கடைத்தெருவில் யாரையாவது சிரிக்க வைத்துக்கொண்டிருந்திருப்பேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளுக்கும் அதைச் சொல்லத் தோன்றியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை ஒரு குறிப்பாக யார் சொல்வார்கள்?

சந்தோஷம் கை கழுவுகிற வரைக்கும் இருந்தது. துண்டில் கை துடைக்கும்போதுதான் உறைத்தது. சாயங்காலம் அவள் கூப்பிடுவாள். சாப்பிட்டதா என்று கேட்பாள். நாயைப் பார்த்தேன். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா, பாவி?

கூப்பிட்டாள். டிக்கெட் கிடைக்கிறதாம், அடுத்த வாரமே. தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள். தூக்கமில்லாமல் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவளுக்குப் பின்னால் சோபாவில் மகள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வாய் திறந்திருந்தது, சின்ன வயதில் தூங்குகிற மாதிரியே.

“இன்னிக்காவது தொட்டுச்சா?” என்று கேட்டாள்.

என் வாயில் ‘இல்லை’ தயாராக இருந்தது. சின்ன வார்த்தை.

“தின்னுடுச்சு. தட்டு மட்டுந்தான் பாக்கி,” என்றேன். “டிக்கெட்டெல்லாம் மாத்தாத. பொங்கலுக்கு வா, போதும்.”

அப்பாடா என்றாள். எப்படிச் சாப்பிட வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்றேன். அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, இடுப்பு வலி இருக்கிறவர் சுவரில் சாய்ந்து உட்காருங்கள் என்றாள்.

பொங்கலுக்கு இன்னும் சம்பா கதிர் வந்து, பால் பிடித்து, முற்ற வேண்டும். மதியம் ஆனால் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்காருகிறேன். சில நாள் சோறு உள்ளே இறங்காது. கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கும். சரி என்று ஒரு வாய் போடுவேன்.