உறை ஏன் கிழிந்தது

தையலம்மாளுக்கு வாய் நீளம் என்று ஒதியம்பட்டில் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லட்டும். அந்த வாய் இல்லாமல் போயிருந்தால் எழுபத்து நாலாம் வருஷமே அவளுக்குக் கருமாதி முடித்திருப்பார்கள்.

செல்லிப்பட்டு ஆற்றங்கரையில் கரும்பு வெட்டி வளர்ந்த கை அவளுடையது. தாய்மாமன் மகன் சாமிநாதனைக் கட்டிக்கொண்டு ஒதியம்பட்டுக்கு வந்தாள். அவன் நல்லவன்தான். குடி கிடையாது, கை நீட்ட மாட்டான். ஆனால் வாயில் கொழுக்கட்டை. அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா கனகாம்பாள் பேசிவிடுவாள்.

நாலாவது பிரசவத்தில் தையலம்மாளுக்கு உதிரம் நிற்கவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. டாக்டரம்மா சாமிநாதனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உடம்புல ரத்தமே இல்ல. அது ஏறுற வரைக்கும் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ண முடியாது. அதுக்குள்ள இன்னொண்ணு உண்டாச்சின்னா ஆளை உயிரோட பாக்க மாட்டே. பேசாம நீ பண்ணிக்கோ. ஆம்பளைக்குச் சின்ன ஆபரேஷன்தான்."

இதைக் கேட்டுக் கனகாம்பாள் எகிறிக் குதித்தாள். "ஏர் புடிக்கிறவன் நரம்பை அறுத்துக்கினு வூட்ல குந்தியிருந்தா, நாளைக்கு எவன்டா சோறு போடுவான்?"

ஆக, மிஞ்சியது ஆம்பளை போட்டுக்கொள்ளும் உறைதான். நிரோத். வில்லியனூரிலிருந்து வரும் நர்சம்மா ரோசம்மாள் அதைக் காகிதத்தில் சுற்றி முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். வைக்கோல்போர் பக்கம் தையலம்மாளைத் தள்ளிக்கொண்டு போய், எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வூட்டுக்காரருகிட்ட குடு. அவருக்குத் தெரியும்" என்றாள். வந்த வேகத்தில் போயும் விட்டாள். அவள் கொடுத்தது என்ன என்று கனகாம்பாள் அன்றைக்கே மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவருக்கு என்ன தெரியும்? மண்ணாங்கட்டி தெரியும்! நெல்லுக்குப் பூச்சிமருந்து வந்தபோது அதிகாரி வரப்பு வரப்பாக நின்று, இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவு மருந்து என்று தொண்டை வற்றக் கத்தினான். ஒரு பொம்பளையின் உயிரைக் காப்பாற்றுகிற சாமானைப் பற்றிப் பேசத்தான் ஊரில் ஒருத்தருக்கும் நாக்கு எழும்பவில்லை.

சாமிநாதன் தெரிந்தமட்டும் போட்டுக்கொண்டான். கொஞ்ச நாளில் அவனுக்கு நீர்க்கடுப்பு கண்டது. சித்திரை வெயிலில் நாள் பூராவும் அறுப்பில் நின்றால் யாருக்குத்தான் காணாது? அவனோ ரப்பர் உடம்புக்குச் சூடு என்று முடிவு கட்டினான். அம்மாவிடம் போய், சூடு பிடித்துக்கொண்டது என்று மட்டும் சொன்னான். எங்கே, எதனால் என்று சொல்ல வெட்கம். சூட்டுக்கு நம் பக்கத்தில் என்ன மருந்து? "தொப்புள்லயும் கால் கட்டவெரல்லயும் வெளக்கெண்ண வைடா" என்றாள் கனகாம்பாள். வைத்தான். கடுப்பும் அடங்கியது.

அடுத்த மாசமே நடவு வயலில் தையலம்மாள் குமட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா சொன்னது காதில் ஒலித்தது. நாலு பிள்ளைகளின் முகமும் கண்ணில் வந்தது.

வீட்டில் கனகாம்பாள் நடுக்கூடத்தில் நின்று கேட்டாள்: "எம்புள்ளதான் ஒற போட்டுக்கினு இருக்கானே. அப்புறம் இது எப்பிடிடீ வந்துச்சி?"

தையலம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் மாட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அட பாவி! அம்மா கேட்ட கேள்வி அவன் மனசிலும் இருந்தது. சாவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாகிறவள் மேல் இந்தப் பழியுமா?

அவள் அழவில்லை. விடிந்ததும் மிச்சமிருந்த உறைகளை மடியில் கட்டிக்கொண்டு, புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வில்லியனூருக்கு நடந்தாள். ரோசம்மாள் மேஜையில் அவற்றைக் கொட்டினாள்.

"இத போட்டும் நான் முழுவாம இருக்கேன். நான் கெட்டவளா, இது கெட்டதா? இப்பவே சொல்லு நர்சம்மா!"

ரோசம்மாள் பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள். சாமிநாதனைத் துருவித் துருவிக் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ரப்பரு சூடுன்னு... அதுமேலயும் வெளக்கெண்ண தடவிக்கினேன்."

"ஐயையோ! எண்ண பட்டா ரப்பர் இத்துப்போயி கிழிஞ்சிடுமே! கிழிஞ்சிருந்தது தெரியலயா?"

இருட்டில் கழற்றி எருக்குழியில் புதைத்துவிட்டு வருகிறவனுக்கு என்ன தெரியும்!

"இத மொதல்லயே ஏன் சொல்லல?" என்று நர்சம்மாவிடம் பாய்ந்தாள் தையலம்மாள்.

"இதெல்லாம் எப்பிடிம்மா வெளிப்படையா..."

"என் பொணம் மட்டும் வெளிப்படையா தெருவுல போவலாமா?"

ரோசம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே அவளைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனாள். கர்ப்பத்தைக் கலைக்கச் சட்டம் வந்திருந்த புதுசு. மறுபடி உதிரப்போக்கு, மறுபடி ரத்தம் ஏற்றும் பாட்டில். தையலம்மாள் எப்படியோ பிழைத்து வீடு வந்தாள்.

பழி மட்டும் கலையவில்லை. கனகாம்பாள் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

"நடந்தத உங்கம்மாகிட்ட சொல்லு மாமா."

"அம்மாகிட்ட இதப் போயி எப்பிடி தையலு..."

"தடவ வெக்கமில்ல. பொண்டாட்டி பேரு நாறுதே, அத பாத்துக்கினு இருக்க வெக்கமில்ல. சொல்றதுக்கு மட்டும் வெக்கமா?"

நாத்தனார் விஜயகுமாரிக்குக் குழந்தை பிறந்து, தொட்டில் போடும் நாள் வந்தது. வீடு நிறைய சனம். சீர்த்தட்டில் சட்டை, கொலுசு, குழந்தைக்கு வைக்கிற விளக்கெண்ணெய் பாட்டில் எல்லாம் இருந்தன. தட்டைத் தூக்கப் போன தையலம்மாளைக் கனகாம்பாள் தடுத்தாள். "நீ தொடாத. நல்ல காரியம் நடக்குது." அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தையலம்மாள் தட்டிலிருந்து விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்தாள். ஆம்பளைகள் நடுவே உட்கார்ந்திருந்த சாமிநாதன் முன்னால் கொண்டுபோய் நங்கென்று வைத்தாள்.

"சொல்றியா? இல்ல, நான் சொல்லட்டா?"

அவன் பாட்டிலைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

"அம்மா, அவ மேல தப்பில்ல. சூடுன்னு நான்தான் ஒறை மேல வெளக்கெண்ண தடவினேன். எண்ண பட்டா அது கிழிஞ்சிடுமாம். எங்கொழந்ததான் அது. எனக்கு எல்லாம் தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தேன்."

பின்னால் எவனோ களுக்கென்று சிரித்தான். "சிரிடா! நல்லா சிரி! உம்பொண்டாட்டிய ஒருநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுவ பாரு, அன்னிக்கும் சிரி" என்றாள் தையலம்மாள். சிரிப்பு நின்றது. விஜயகுமாரி மட்டும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "எந்த எண்ணையும் படக் கூடாதா அண்ணி?" என்று கேட்டாள்.

"எந்த எண்ணையும் கூடாதுடி. தேங்காண்ணையும் கூடாது. உன் வூட்டுக்காரன் காதுல நல்லா ஓதி வையி."

எண்ணெய் வைக்கச் சொன்னது தான்தான் என்பது கனகாம்பாளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தட்டை மெல்ல மருமகள் பக்கம் நகர்த்தினாள். "எடுத்துக்கினு வாடி" என்றாள்.

"இப்ப தொடலாமா அத்த?"

தையலம்மாள் தட்டைத் தொடவில்லை. நாத்தனார் மடியிலிருந்து குழந்தையை வாங்கி, நேராகப் போய்த் தொட்டிலில் கிடத்தினாள். தட்டைக் கனகாம்பாளே தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனாள்.