பதினாலாவது வாரம்

என் அக்கா வாலாஜாபேட்டையிலிருந்து திரும்பி வந்தபோது அவளுடைய இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்து போயிருந்தது. வடித்த கஞ்சியைச் சூடாக எடுத்து அவள் புருஷன் ஊற்றியிருந்தான். சோறு குழைந்துவிட்டதாம். எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு முதல் டிவி வந்ததும் அந்த வருஷம்தான், தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியாக இருந்த ஒருவர் வீட்டுக்கு.

நான் அப்போது ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தேன். சாயங்காலம் வந்து சோப்பு போட்டுத் தேய்த்தாலும் கையில் தோல் வாடை போகாது. அப்படியே போய் மேஸ்திரி வீட்டுக் கூடத்தில் உட்காருவோம். வாரத்தில் ஒரு நாள் தமிழில் ஒரு தொடர் போட்டார்கள். பதின்மூன்று வாரத்தில் முடிகிற கதை. அதற்கு மட்டும் அம்மா அக்காவையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போவாள். வீட்டிலேயே கிடந்தால் மனசு கெட்டுவிடும் என்பாள்.

கதையில் ஒரு குமாஸ்தா. நன்றாகப் பாடுவான். தங்கைகளைப் படிக்கவைக்கிறான். தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதலில் ஓடுகிறவன் அவன்தான். வீட்டுக்குள் வந்தால் பெண்டாட்டியை அடிப்பான். அவனை வெறும் வில்லனாகக் காட்டாதது எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஏனென்றால் அக்கா புருஷனான எங்கள் மாமாவும் வில்லன் இல்லை. அப்பா சாகக் கிடந்தபோது வேலூர் ஆஸ்பத்திரியில் அவர் மூத்திரத்தை எடுத்துக் கொட்டியவன். கஞ்சியை ஊற்றியதும் அதே கைதான்.

ஆரம்பத்தில் கூடத்தில் இருந்த எல்லாப் பெண்களும் அந்தக் குமாஸ்தாவைத் திட்டினார்கள். பாதிக் கதையில் அவன் சின்ன வயசில் அப்பாவிடம் அடிபட்டதைக் காட்டினார்கள். அதன் பிறகு திட்டு நின்றுபோனது. அவன் பெண்டாட்டி வாயை அடக்கியிருக்கலாம், அவளுக்கும் திமிர் ஜாஸ்தி என்று பேச்சு மாறியது.

கடைசி வாரம் கூடத்தில் இடமில்லாமல் வாசல்வரை ஜனம். குமாஸ்தாவின் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் இருக்கிறாள். அவன் மழையில் நனைந்து வந்து படியில் உட்கார்ந்து அழுகிறான். அவள் கதவைத் திறந்து வருகிறாள், முந்தானையால் அவன் முகத்தைத் துடைக்கிறாள். அவ்வளவுதான் கதை. கூடமே மூக்கைச் சிந்தியது. என் அம்மாவும் அழுதாள். இன்னா இருந்தாலும் மனசுல ஈரம் இருக்கிற ஆளு என்றாள் மேஸ்திரி சம்சாரம். எல்லோரும் தலையாட்டினார்கள். வெந்த கையை முந்தானையால் மூடிக்கொண்டு அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒருத்திகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொடரில் அவன் அடிக்கும்போதெல்லாம் சுவரில் தொங்கும் காலண்டரைத்தான் காட்டினார்கள். சத்தம் மட்டும் கேட்கும். அவன் அழும்போது மட்டும் முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். பதின்மூன்று வாரத்தில் அவள் முதுகை ஒரு தரம்கூட யாரும் பார்க்கவில்லை. பிறகு இவர்களுக்கு யார்மேல் இரக்கம் வரும்?

அடுத்த சில நாளில் மாமா வந்தான். எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதான். நடிப்பு என்று சொல்லமாட்டேன். மெய்யாகவே அழுதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். அன்றைக்கு டிவி முன்னால் இருந்த அதே முகங்கள், அதே கண்ணீர். மேஸ்திரி சம்சாரம் உள்ளே வந்து அக்காவின் தோளைத் தொட்டாள்.

“டிவியில அந்தப் பொண்ணு போகலியா? அத்தோட எல்லாம் சரியாப் போச்சில்ல? நீயும் போம்மா.”

அக்கா நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

“அவளுக்குப் பதிமூணாவது வாரத்தோட முடிஞ்சிடுச்சிக்கா. எனக்குப் பதினாலாவது வாரம் இருக்குது.”

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா இருட்டும்வரை இருந்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து தெருவில் அவளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் என்னிடமே வந்து கேட்டார்கள், அழுத ஆம்பளையைத் திருப்பி அனுப்பிட்டாளாமே உங்கக்கா என்று. கை எப்படியிருக்கிறது என்று கேட்டவர்கள் யாருமில்லை. கொஞ்ச மாதத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி உறவைத் தீர்த்துவிட்டார்கள். அந்த வேகத்திலேயே மாமாவுக்குக் காவேரிப்பாக்கத்தில் பெண் பார்த்தார்கள்.

சேதி வந்தபோது, அந்த வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லவேண்டும் என்றாள் அக்கா. அம்மா தடுத்தாள். நமக்கு எதற்கு இந்தப் பேஜார் என்றாள். நாங்கள் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம்.

பெண்ணின் அப்பா மரியாதையானவர். உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அக்கா முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள். அவர் பார்த்தார்.

“மாப்ள எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாரும்மா. சொல்லி அழுதுட்டாரு. தப்ப ஒத்துக்கிற ஆம்பள எத்தினி பேரு இருக்கிறாங்க, சொல்லு.”

உள்கதவோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள். பதினெட்டு வயசு இருக்கும். அவள் கண் அக்காவின் கையைவிட்டு நகரவில்லை. அவளுடைய அம்மா வந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த அப்பாவை, மாமாவை, அந்தத் தொடரை எழுதியவனை, எங்கள் தெருவை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னை அடக்கவில்லை. கூடச் சேர்ந்து திட்டவும் இல்லை. அந்தப் பொண்ணு பார்த்துட்டா, அது போதும் என்று மட்டும் சொன்னாள். எனக்குப் போதவில்லை.

கல்யாணம் நடந்தது. மேஸ்திரி சம்சாரம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, பொண்ணு லட்சணமா இருக்கிறா, அவனும் ரொம்பத் திருந்திட்டான் என்று எங்கள் வீட்டிலேயே நின்று சொன்னாள். வெளியே போங்க என்றேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். நான் மறுபடியும் சொன்னேன். அதன் பிறகு அந்த வீட்டு டிவி முன்னால் நான் உட்காரவில்லை.

அக்கா எங்கள் கம்பெனியிலேயே சேர்ந்தாள். வெந்த இடத்தில் தோல் இழுத்துக்கொண்டு கையை முழுசாக நீட்ட முடியாததால் மிஷினில் போடவில்லை, தோலுக்குப் பசை தடவும் வேலை கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தோம்.

காவேரிப்பாக்கத்துப் பெண்ணை நான் மறுபடி பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து ஆட்களிடம் அவ்வப்போது விசாரிப்பேன். நல்லா இருக்கிறா, அவளுக்கு இன்னா கொற என்பார்கள். கஞ்சி கொட்டிய நாள்வரை அக்காவைப் பற்றியும் எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள்.