அப்பாவுக்காக எழுதிய மன்னிப்புக் கடிதம்

சாலைக் கடைத்தெருவில் மொத்த அரிசி வியாபாரம் செய்த ஒரு குடும்பம், தங்கள் தகப்பனார் பெயரில் அறக்கட்டளை ஒன்று நடத்திவந்தது. அந்தத் தெருக் கடைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குக் கடை மாடியில் மாலை வகுப்பு. நன்றாகப் படிப்பவர்களுக்குக் கல்லூரிச் செலவு. அப்பா அந்தக் கடையில் மூட்டை தூக்கினார். ஏழாம் வகுப்பிலிருந்து நான் அந்த மாடியில்தான் படித்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம், கூலி உயர்வு கேட்டுக் கடையில் வேலைநிறுத்தம்; எங்கள் பேச்சில் சமரம். அப்பா கொடி பிடித்து வாசலில் நின்றார். புத்தகப் பையோடு நான் தெருமுனையில் தயங்கியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“ஏன் மக்களே நிக்கே? சார் வந்தாச்சு. மேல போ.”

“அவிய கடையிலதானப்பா நீங்க சமரம் பண்ணுதிய?”

“சமரம் எனக்கு. படிப்பு உனக்கு. போ.”

கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். நான் தலையைக் குனிந்தபடி மாடியேறினேன்.

சமரம் முடிந்ததும் எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அப்பாவைத் தவிர. அதோடு என் மாலை வகுப்பும் நின்றது. அப்பா கட்டட வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து, நான் பிரீ டிகிரி முடித்த சமயத்தில், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கட்டிலோடு கிடந்தார். அம்மா ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்த்து வந்ததில்தான் அடுப்பு எரிந்தது. அப்போதுதான் பெண்கள் கல்லூரியில் எனக்கு பி.எஸ்ஸி. இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பீஸ் கட்ட வேண்டும்.

திங்கட்கிழமை வீட்டில் சொல்லாமல் அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார். மார்க் லிஸ்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

“நீ நல்லாப் படிக்கப்பட்ட பிள்ளைன்னு அறியும். ஆனா, உங்கப்பன் இந்த வாசல்ல நின்னு எங்கள என்னவெல்லாம் விளிச்சான்! செஞ்சது தெற்றாப் போச்சுன்னு ஒரு கடிதம் எழுதி, ஒப்புப் போட்டுத் தரச் சொல்லு. அது மதி. உன் படிப்ப நாங்க பாத்துக்கிடுவோம்.”

தப்பு என்று எழுதி அப்பா கையெழுத்துப் போட்டால் போதும்; இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. மார்க் லிஸ்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று நாள் அலைந்தேன். கல்லூரி ஆபீசில் தவணை கேட்டேன், முடியாது என்றார்கள். யூனியன் ஆபீசில் செயலாளர் ஊரில் இல்லை, மறுநாளும் இல்லை. நாகர்கோவில் மாமாவுக்குப் போட்ட கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. புதன்கிழமை கிள்ளியாற்றுப் பாலத்தில் வெகுநேரம் நின்றேன். தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. திரும்பி நடந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுக்களையில் அம்மாவிடம் சொல்லி அழுதேன். ஒற்றை அறை வீடு. அப்பாவுக்கு எல்லாம் கேட்டது.

“காகிதம் எடு.”

அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதைப் படிக்கச் சொன்னார். ‘அறியாமல் செய்த பிழை’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அறிஞ்சுதான் செஞ்சேன் மக்களே. அத மட்டும் மாத்திரு.”

“மாத்துனா அவிய ஒத்துக்கிட மாட்டாவப்பா.”

அந்தப் பதிலைச் சொன்னவள் நான்தான். ‘அறியாமல்’ என்ற வார்த்தையை முதலாளி கேட்கவில்லை, நானாகப் போட்டது. எங்கே இடம் போய்விடுமோ என்ற பீதியில் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சரி. பேனாவத் தா.”

மறுநாள் காலை முதலாளி கடிதத்தை வாங்கி, கடையின் நடுவில் நின்று உரக்கப் படித்தார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திக் கேட்டார்கள். அப்பாவோடு கொடி பிடித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒருவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓடிப் போய்க் கடிதத்தைப் பிடுங்க வேண்டும்போல் இருந்தது. பிடுங்கவில்லை. பிறகு கணக்கப்பிள்ளை கொடுத்த கவரை வாங்கிக்கொண்டு, கல்லூரிவரை ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அந்தக் குடும்பம் சொன்ன சொல் தவறவில்லை. மூன்று வருஷமும் படிக்க வைத்தது. பட்டம் வாங்கியதும் அறக்கட்டளை விழாவில் என்னை நன்றி சொல்ல அழைத்தார்கள். சொன்னேன்; அது பொய்யில்லை. அப்பா வரவில்லை.

இடுப்பெலும்பு கூடிய பிறகும் அவர் சாலைக் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. தாங்கித் தாங்கி வேறு சந்தைக்கு நடந்தார். கடிதத்தை எல்லோர் முன்னும் படித்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை. யாராவது சொல்லியிருப்பார்கள்.