முகம் தெரியத் தேய்த்த தரை

எழுபதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மழைக் காலம். பதுளை டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மண்டபம் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தேன். வயது இருபத்திரண்டு. ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கொழுந்து பறிக்கப் போகாமல் கூரைக்குக் கீழே ஒரு வேலை கிடைத்ததே பெரிய காரியம். அதனாலேயே அது போய்விடுமோ என்று எந்நேரமும் ஒரு பயம். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போன பிறகு, ஜன்னல் கொக்கியைப் போட்டேனா என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே திரும்பி வருவேன். வாசல் காவல்காரர் என்னைக் கண்டதும், "ஜன்னல் எந்திரிச்சு ஓடிப்போச்சும்மா, நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார்.

மண்டபத்தின் தரை சிவப்புச் சீமெந்து. எங்கள் ஊரில் அந்தத் தரைக்குச் சிவப்பு மெழுகு பாலிஷ் போடுவார்கள். துணியால் பூசிக் காயவிட்டு, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையில் ஒரு காலை வைத்துத் தேய்க்க வேண்டும். குனிந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும். அதுதான் துப்புரவு, அதுதான் மரியாதை.

அந்த வாரம் வெளியூர்ப் பள்ளிக்கூடங்கள் கூடைப்பந்து விளையாட வருவதாக இருந்தது. மைதானத்தில் முழங்கால் அளவு சேறு. மண்டபத்துக்குள்ளேயே விளையாடட்டும் என்று பெரிய டீச்சர் முடிவு செய்தார். கூடைக் கம்பங்களை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். என்னிடம் கூட்டி வைக்க மட்டும்தான் சொன்னார்கள். பாலிஷ் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வெளியாட்கள் வருகிறார்களே, தரை மங்கிக் கிடந்தால் என்னைத்தானே சொல்வார்கள் என்று நானாகவே போட்டேன். ஒரு தடவை போட்டும் மனம் ஆறவில்லை. இன்னொரு தடவையும் போட்டேன்.

மழை ஈரத்தில் இரண்டாவது பூச்சு காயவே இல்லை. தேய்க்கும்போது என் கால் சறுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டேன். இதில் பிள்ளைகள் ஓடினால் என்ன ஆகும் என்று பயந்தேன். போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் சிரிப்பார்கள், அல்லது உன்னை யார் போடச் சொன்னது என்று கேட்பார்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஆட்டம் தொடங்கியதும் இரண்டு பிள்ளைகள் வழுக்கி உட்கார்ந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். துடைக்கிற துணியோடு வாசலில் நின்றிருந்த எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்புறம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று, தெமோதரைத் தோட்டத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து படிக்கிறவள், பந்தைப் பிடித்து வேகமாகத் திரும்பினாள். இடது கால் தனியாகச் சறுக்கிப் போய்விட்டது. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. பந்து மட்டும் துள்ளித் துள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றது.

அவள் வலியோடு ஏதோ சொன்னாள். விளையாட்டு டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. அவளுடைய கேன்வஸ் சப்பாத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். அடி முழுக்கத் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. "இதைப் போட்டுக்கிட்டா விளையாட வந்தே?" என்று கேட்டார். எல்லோரும் சப்பாத்தைப் பார்த்தார்கள். தரையை யாரும் பார்க்கவில்லை. அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

மிச்ச ஆட்டம் சனிக்கிழமை அதே மண்டபத்தில் நடக்கும், எல்லோரும் நல்ல சப்பாத்தோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் பேக்கரியில் இரண்டு பணிஸ் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், அன்றைய பேரையும் கூலியையும் விட்டுவிட்டு, அவளுடைய அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தச் சப்பாத்து. என்னைப் பள்ளிக்கூடத்து ஆள் என்று தெரிந்துகொண்டு, கேட்காமலே சொன்னார்.

"போன மாசமே புதுச் சப்பாத்து கேட்டா. டிசம்பர்ல நத்தாருக்கு வாங்கலாம்னு சொல்லிட்டேன். எம்புள்ளை காலை நானே ஒடிச்சுட்டேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"சப்பாத்து இல்லீங்கம்மா, தரைதான். நான்தான் பாலிஷ் போட்டேன். ரெண்டு தடவை போட்டேன். வழுக்கும்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

அம்மா சப்பாத்தை மெதுவாக எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தார். பிள்ளைதான் என்னைப் பார்த்துப் பேசினாள். குரலில் கோபம் இருந்தது.

"விழுந்தப்ப என் கையெல்லாம் செகப்பா ஒட்டியிருந்துச்சுக்கா. தரை வழுக்குதுன்னு டீச்சர்கிட்ட சொன்னேன். கேக்கல. எங்கிட்ட சொல்லி என்ன செய்யிறது? சனிக்கிழமை மத்த புள்ளைங்க அதுலதானே ஓடப்போறாங்க. போய் அங்க சொல்லுங்க."

மழையில் நனைந்தபடியே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேலை போனது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். விளையாட்டு டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மண்டபத்துக்குள் வந்து, செருப்போடு நாலு எட்டு வேகமாக நடந்தார். ஐந்தாவது எட்டில் சறுக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

"அந்தப் புள்ளை சொன்னா. நான் சப்பாத்தைத்தான் பார்த்தேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்கச் சுடுதண்ணீரும் சலவைச் சோடாவும் ஊற்றி மெழுகை உரித்தோம். டீச்சரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு தேய்த்தார். தரை திட்டுத் திட்டாக வெளுத்துப் போனது. பெரிய டீச்சர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வேலையிலிருந்து நிறுத்தவில்லை, ஆனால் ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை ஒவ்வொரு பிள்ளை எம்பும்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் விழவில்லை.

அந்தப் பிள்ளைக்குக் கட்டுப் பிரித்த பிறகும் கால் பழையபடி வரவில்லை. மறுபடி அவள் பந்தைத் தொடவில்லை. சில வருஷம் கழித்துத் தெமோதரை ஸ்டேஷனில் இடுப்பில் குழந்தையோடு பார்த்தேன். மழையைப் பற்றியும் பிள்ளையின் சளியைப் பற்றியும் பேசினாள். ரயில் வந்ததும், கைப்பிடியைப் பற்றி முதலில் வலது காலை வைத்து, இடது காலைக் கையால் தூக்குகிற மாதிரி இழுத்து ஏறினாள்.

இன்றைக்கும் பிள்ளைகள் விளையாடுகிற எந்த மண்டபத்துக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் தரையைத் தேய்த்துப் பார்க்கிறேன். வழுக்கினால் யாரிடமாவது போய்ச் சொல்கிறேன், சிரித்தாலும் சொல்கிறேன். எத்தனையோ வீண் பயங்களை ஊருக்கே கேட்கச் சொன்னவள் நான்; சொல்லாமல் விழுங்கிய அந்த ஒரு பயம்தான், ஒரு பிள்ளையின் இடது காலில் இன்னும் நொண்டி நடந்துகொண்டிருக்கிறது.