மார்கழி முழுக்க நின்ற வண்டி

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், நடுவில் சிலது மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் விளாங்குடியில் ஒரு கார் ஏஜென்சிக்கு யார்டு இருந்தது. சுற்றிலும் கம்பிவேலி, மேலே தகரக் கொட்டகை, உள்ளே வரிசையாகப் புதுக் கார்கள். வீட்டுக்காரர் தவறிய பிறகு அங்கே வண்டி கழுவும் வேலைக்குப் போனேன். புது வண்டியின் மேலே மெழுகு மாதிரி ஒன்று பூசியிருக்கும். அதை மண்ணெண்ணெய் தொட்டு எடுத்து, சோப்புத் தண்ணீர் விட்டு, துணி போட்டுத் துடைத்தால்தான் நிறம் வெளியே வரும்.

எங்கள் யார்டுக்கு வண்டிகளைச் சென்னையிலிருந்து ஓட்டியேதான் கொண்டுவருவார்கள். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர் கம்பியை வழியில் கழற்றிவிடுவார்கள். இங்கே வந்து மாட்டினால் மீட்டர் சைபருக்குப் பக்கத்தில் நிற்கும். வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது. எங்களுக்கெல்லாம் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

அங்கே ஒரு ஃபோர்மேன் அண்ணன் இருந்தார். டெலிவரிக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியையும் சமயநல்லூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். ஒரே வேகத்தில் போகமாட்டார். கொஞ்சம் கூட்டுவார், கொஞ்சம் குறைப்பார், அறுபதைத் தாண்டமாட்டார். ஏன் அண்ணே இப்படி என்று கூட வேலை செய்த ஒருத்தி கேட்டாள்.

"உள்ள இருக்க இரும்பு ஒன்னோட ஒன்னு இன்னும் பழகல. புதுசா கட்டிக்கிட்டதுக மாதிரி. கொஞ்ச நா ஒரசிக்கிட்டுத்தான் கெடக்கும். நாமதான் அதட்டாம ஓட்டணும்."

"எங்க வீட்டு எஞ்சினு இருவது வருசமா ஒரசுதே அண்ணே, அது எப்பப் பழகும்?"

"அதுக்கு ஆயில் மாத்திப் பாரு தாயி."

மார்கழியில் யாரும் வண்டி எடுக்கமாட்டார்கள். பணம் கட்டி முடித்தவர்களும் தை பிறக்கட்டும் என்று இருப்பார்கள். ஒரு மாதம் வண்டிகள் சும்மா நிற்கும். அப்படி நின்றால் எஞ்சினுக்கு நல்லதில்லை, பேட்டரியும் இறங்கிவிடும். அதனால் திங்களும் வியாழனும் காலையில் ஒவ்வொன்றையும் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கியர் விழுந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரைத் தொடாமல், சூடு காட்டும் முள் பாதிக்கு ஏறும்வரை காத்திருந்து அணைக்க வேண்டும். கண்ணாடியில் தொங்கும் அட்டையில் டிக் போட வேண்டும். மற்றவர்கள் ஆசைக்கு ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள் என்று ஃபோர்மேன் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். யாரிடமும் வாய் திறந்து பேசாதவள் நான். இடுப்பில் சாவிக்கொத்தோடு பதினெட்டு வண்டியை எழுப்பி உட்கார வைத்தேன். அந்தக் காலை நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மார்கழி முதல் நாளே, நான் சாவி போடத் தொடங்கும் முன்னால், ஒரு பெரியவரும் அவர் மனைவியும் தங்கள் வண்டியைப் பார்க்க வந்தார்கள். நூலுக்குச் சாயம் போடும் சௌராஷ்டிரக் குடும்பம். அவருக்கு நடந்தால் மூச்சு வாங்கியது. பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு விற்பனை பார்க்கும் ஆளிடம் கேட்டார்.

"இத யாரும் ஓட்டலையே?"

"இல்லைங்கய்யா. ஒங்க கைதான் மொத கை."

"அப்ப நா வந்து எடுக்கறவரைக்கும் யாரும் சாவி போடக்கூடாது."

நான் ஈரத்துணியோடு நின்றிருந்தேன். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பொங்கல் கழிச்சு அவருக்கு நெஞ்சுல ஆபரேசன்மா. அண்ணன் போட்டுக் கழிச்ச சட்டையிலயே வளந்த மனுசன். வீடு அப்பா இருந்த வீடு, ஸ்கூட்டர் மச்சான் ஓட்டுன ஸ்கூட்டர். இது ஒன்னாவது அவரு கை மொத கையா இருக்கட்டும். நீங்க பாத்துக்கங்க."

சரிம்மா என்று தலையாட்டினேன். சென்னையிலிருந்து ஒரு டிரைவர் ஓட்டிவந்த வண்டி அது. எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டிவிட்டேன்.

ஃபோர்மேனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. மற்ற பதினேழை எழுப்பினேன், அதை மட்டும் விட்டேன். அட்டை வெறுமையாக இருந்தால் கேட்பாரே என்று அதிலும் டிக் போட்டேன். மார்கழி முடியும்வரை போட்டேன். டெலிவரிக்கு முந்தின ஓட்டத்தையும் பெரியவர் பேச்சைச் சொல்லி விற்பனை ஆள் தடுத்துவிட்டார். அட்டையில்தான் டிக் இருக்கிறதே என்று ஃபோர்மேனும் விட்டுவிட்டார்.

தை பிறந்து முதல் முகூர்த்த நாளில், காலை பத்தரைக்குள் நல்ல நேரம் என்று வந்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினோம். பெரியவர் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். அதே டக்.

விற்பனை ஆள், "பனிங்கய்யா, பனிக்கு அப்பிடித்தான்" என்றார்.

பெரியவர் சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மனைவியிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. பிறகு பெரியவர் எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"எங் கை ராசி அப்பிடி. ஆபரேசன் வேணாம், விட்ருங்க."

ஃபோர்மேன் அட்டையை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆம்பளைகள் இருக்கும் இடத்தில் நான் நிமிர்ந்து பேசியதில்லை. அன்றைக்குக் கதவோரம் போய் நின்றேன்.

"ஐயா, ஒங்க கையில குத்தம் இல்ல. வாரம் ரெண்டு தடவ நா ஸ்டார்ட் பண்ணி வைக்கணும். அம்மாவுக்குச் சொன்ன சொல்லுக்காகப் பண்ணல. பேட்டரி எறங்கிருச்சு. அட்டையில போட்ட டிக்கு பொய்யி."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"மார்கழி பூரா யாரும் சாவி போடலையா?"

"போடலங்கய்யா. யாரையும் போட விடல."

"அதுக்கு முந்தி?"

விற்பனை ஆள் என்னையே பார்த்தார். ஃபோர்மேன் குனிந்துகொண்டார். அந்த அம்மாவின் கை புருஷன் தோளில் இருந்தது.

"ஒங்க கைதான் மொத கை ஐயா" என்றேன்.

டிக் பொய் என்று சொன்ன அதே வாயால், அடுத்த மூச்சில் அதையும் சொன்னேன்.

ஃபோர்மேன் வேறு பேட்டரியிலிருந்து வயர் போட்டார். பெரியவர் மறுபடி திருப்பினார். எஞ்சின் பிடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். பத்தரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. கேட்டைத் தாண்டும்வரை அவரே ஓட்டினார். அதன் பிறகு அவர்கள் டிரைவர் ஏறிக்கொண்டார். ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் விரட்டக்கூடாது என்று ஃபோர்மேன் அவரிடம் இரண்டு தடவை சொன்னார்.

வண்டி போனதும் என்னிடம் கையை நீட்டினார். சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தேன்.

"தொடாம விட்டதுக்கு இல்ல தாயி. தொடாததத் தொட்டேன்னு எழுதுன பாரு, அதுக்கு."

மொத கை என்று நான் சொன்னதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் கழுவும் தொட்டிக்குப் போய்விட்டேன்.

முதல் சர்வீசுக்கு வண்டி வந்தபோது அந்த அம்மா மட்டும் வந்தார், நெற்றியில் பொட்டு இல்லாமல். ஆபரேசன் ஆன பத்தாம் நாள் போய்விட்டாராம்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் டிரைவர வெரட்ட விடலம்மா. புது எஞ்சினு, நா பழக்குற வண்டின்னு சொல்லிக்கிட்டே வந்தாரு."

நான் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். அன்றைக்கு அந்த டக் சத்தத்தோடு அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் ஆபரேசனுக்குப் போயிருக்கமாட்டார். போகாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்னவோ. அந்த அம்மாவும் அதை நினைத்திருப்பார். என் ஈரக் கையைப் பிடித்துவிட்டுப் போனார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

முதல் சர்வீஸ் ஆயிரத்திலா ஐந்நூறிலா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. வேகம் அறுபதா ஐம்பதா என்பதும் அப்படித்தான். அந்த யார்டில் இருந்தவர்களோ வண்டி வேலை தெரிந்தவர்களோ யாராவது பார்த்துச் சரிசெய்து கொடுங்கள்.